அணையாத நெருப்பு



ஏரலுக்கெனத் தனிப் புகைவண்டி நிலையம் கிடையாது. ஆயினும் ஏரல் கடைத்தெருவுக்கு வந்துபோகும் மக்களுக்குப் புகைவண்டி அந்நியமானதன்று. தாமிரபரணியைக் கடந்து தென்கரை சேர்ந்தால், 1923-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற திருநெல்வேலி - திருச்செந்தூர் இருப்புப்பாதை நம்மை எதிர்கொள்ளும். தூத்துக்குடிக்கோ, 1876-ஆம் ஆண்டிலேயே மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகப் புகைவண்டி வந்துவிட்டது. பருத்தியும் உப்பும் ஏறியிறங்கிய அத்துறைமுகத்தில், 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, கொழும்பு செல்லும் பயணிகள் வண்டியிலிருந்து இறங்கிக் கப்பலேறினர். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதும் மணியாச்சிச் சந்திப்பில் நின்ற வண்டியில்தான்.

இப்பாதைகளில் பல்லாண்டுகள் வண்டிகளை இழுத்தவை நீராவி இயந்திரங்களே. இன்று அவை அங்கில்லை. திருச்செந்தூர்ப் பாதையும் 2008-இல் அகலப் பாதையாகிவிட்டது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972-இல் நீராவி இயந்திரம் கட்டுவதை நிறுத்தியது. அகலப் பாதையில் அன்றாடப் பயணிகளை இழுத்த கடைசி நீராவி இயந்திரம் 1995 டிசம்பரில் பஞ்சாபில் ஓய்வு பெற்றது. குலசேகரன்பட்டினத்திலிருந்து திசையன்விளை வரை, தேரிக்காட்டு மணலினூடே, பாரி நிறுவனத்தின் சிறு இரயில் ஒன்று இரண்டடி அகலப் பாதையில் ஓடியது. அது 1940-இல் நின்றுபோனது. அப்படியொரு வண்டி ஓடியதையே இன்றைய இளைஞர் பலர் அறியார்.

“பழையன கழிந்தால் என்ன? புகையும் கரியும் தொலைந்தது நல்லதுதானே?” என்று கேட்கலாம். உண்மைதான். நீராவி இயந்திரம் எரிபொருளைப் பெருமளவு வீணடிப்பது. எரிந்த கரியின் வெப்பத்தில் மிகச் சிறு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்பட்டது. எஞ்சியது புகைபோக்கி வழியே வானத்திற்குச் சென்றது. அதனை மீண்டும் எங்கும் ஓட்டவேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆனால் இயந்திரம் போனபோது அதனோடு போன வேறொன்றைக் குறித்துச் சிந்திக்க விழைகிறோம்.

நீராவி இயந்திரத்தை ஒரு விசையை அழுத்தி ஓடச் செய்ய இயலாது. குளிர்ந்து கிடக்கும் கொதிகலத்தில் நீராவி திரளப் பல மணி நேரம் ஆகும். ஆகவே விடியற்காலை வண்டிக்கு முந்தைய இரவே அடுப்பு மூட்டவேண்டும். ஓடும்போது கரியை அள்ளி வீசும் ஃபயர்மேன், அதனை அடுப்பின் ஒரு மூலையில் குவித்துவிடாமல் எங்கும் சமமாகப் பரப்பவேண்டும். கரும்புகை கக்கினால் கரி வீணாகிறது என்று பொருள். ஏற்றம் வருமுன்னரே நெருப்பை வளர்த்துக்கொள்ள வேண்டும், இறக்கத்தில் தணிக்கவேண்டும். அடுப்பின் கூரைக்கு மேலே எப்போதும் நீர் நிற்கவேண்டும். நீர் குறைந்தால், அக்கூரையில் பொருத்திய ஈயச் செருகி உருகி, நீராவியும் நீரும் அடுப்பினுள் பாய்ந்து ஆபத்தை அறிவிக்கும். செருகி உருகவிடுவது பணியாளருக்குப் பெரும் தலைக்குனிவு. இவை யாவற்றையும் எந்த நூலும் முழுமையாகக் கற்பிக்கவில்லை. மூத்தவரின் அருகில் நின்று, கண்டும் கேட்டும் கைசுட்டும் கற்றார்கள்.

இக்கலை ஒருமுறை அறுந்தால் மீண்டும் முடிவது அரிது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று தருகிறோம். அங்கே யூனியன் பசிபிக் என்னும் இரயில் நிறுவனம் 1941 முதல் ‘பிக் பாய்’ என்ற மாபெரும் இயந்திரங்கள் இருபத்தைந்தினை ஓட்டியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாற்பது மீட்டர் நீளம். இயக்கு சக்கரங்கள் மட்டும் பதினாறு. ஓய்வுபெற்ற அவற்றுள் 4014 எண்ணுடையது கலிபோர்னியாவில் ஐம்பது ஆண்டுகள் காட்சிப்பொருளாக நின்றது. 2013-இல் அதனைத் திரும்பப் பெற்ற நிறுவனம், முற்றிலும் பிரித்துச் செப்பனிட்டு 2019 மே மாதம் ஓடச் செய்தது. இது எங்ஙனம் இயன்றது? பணம் மட்டுமே காரணமன்று. அதே நிறுவனம் 1944-இல் வாங்கிய 844 எண் இயந்திரத்தை ஒருபோதும் கணக்கிலிருந்து நீக்கவில்லை. விழாக்களுக்கேனும் அதனைப் பேணி வந்தது. அதனால் கொதிகலம் அறிந்த கைகள் அந்நிறுவனத்தில் எஞ்சியிருந்தன.

நம் நாட்டிலும் இத்தகைய சான்று உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் எட்டிய நீலகிரி மலைப்பாதையில் நீராவி இன்றும் உழைக்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் உண்டு. ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், இயந்திரம் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிச் செல்லும். சுவிட்சர்லாந்தில் செய்த அவ்வகை இயந்திரத்துக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சக்கரங்களைச் சுழற்ற, மற்ற இரண்டு பற்சட்டத்தைக் கவ்வும் பற்சக்கரங்களை இயக்குகின்றன. ஒருமுறை உழைத்த நீராவியே மறுமுறையும் அங்கே உழைக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பழையவை தேய்ந்தபோது புதியவற்றை வெளிநாட்டில் தேட வேண்டியிருக்கவில்லை. திருச்சிப் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளரே அவ்வகையில் புதிய இயந்திரங்களைச் செய்து கொடுத்தனர். 2021-இல் நிலக்கரியால் இயங்கும் ஒன்றும் அங்கிருந்து வெளிவந்தது. மலைப்பாதையில் நெருப்பு அணையவில்லை. எனவே பணிமனையில் கலையும் அணையவில்லை.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1961-க்குப் பின் பேரளவில் முத்துக்குளிப்பு நடைபெறாமையால், சிப்பிப் பாறைகளை ஆழத்திலேயே அடையாளம் காணும் அறிவு முதியோர் சிலரோடு சுருங்கிற்று. பாய் விரித்த தோணிகளைக் கட்டிய தச்சரும், காற்றின் வாசனையால் கடலறிந்த தண்டலும், பனையேறிப் பதனீர் இறக்கியவரும் அவ்வாறே. இயந்திரத்தைக் காட்சிசாலையில் நிறுத்தலாம், தோணியையும் நிறுத்தலாம். அதனை இயக்கிய அறிவை நிறுத்திவைக்க ஒரே இடந்தான் உண்டு. அது மற்றொரு மனிதனின் கையும் மனமும்.

ஆதலின், நம் குடும்பங்களிலே ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியரோ, தோணித் தச்சரோ, சங்குகுளித்தவரோ இருப்பின், பிள்ளைகளை அவர் பக்கத்தில் அமரச் செய்யுங்கள். “தாத்தா, இதை எப்படிச் செய்தீர்கள்?” என்று அவர்கள் கேட்கட்டும். சொல்லச் சொல்ல ஒருவர் குறிப்பேட்டில் எழுதட்டும். இயலுமாயின் குரலையும் பதிவு செய்யட்டும். கருவியின் பெயர், அதைப் பிடிக்கும் விதம், தவறினால் நேரும் கேடு ஆகிய மூன்றையும் தவறாமல் கேளுங்கள். வீட்டு மூலையில் பேசுவாரின்றி அமர்ந்திருக்கும் முதியவருக்கு இதைவிடப் பெரிய மருந்தும் இல்லை.

ஓய்வுநாள் வரட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டா. கொதிகலம் குளிர்ந்தால் மீண்டும் மூட்டலாம். மூட்டத் தெரிந்தவர் போய்விட்டால் யாரைக் கேட்பது?