உயிர்ப்பை அறிக்கையிடுவோரின் கல்லறையில் சாதிச் சுவர் கூடாது

உயிர்ப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு, திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் வாழும் கிறிஸ்தவப் பொதுநிலையினராகிய நாங்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்தே பதில் சொல்ல விரும்புகிறோம்.

கிறிஸ்து உயிர்த்தெழாவிட்டால் தன் போதனைக்கே பொருளில்லை என்று கொரிந்து சபைக்குப் பவுல் பட்டவர்த்தனமாக எழுதினார். அவர் பேசியது உடலின் உயிர்ப்பைப் பற்றி. உயிர்த்த இயேசு தோமாவுக்குக் காட்டியதும் ஆணித் தழும்பு மாறாத கைகளைத்தான். ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையில் நாம் ஏற்றுச் சொல்வதும் அதையே. இறந்தவரின் உடலுக்குத் தூபம் காட்டுவதும், புனித நீர் தெளித்து மண்ணில் வைப்பதும் அந்த உடல் எழும் என்று நம்புவதால்தான்.

அந்த நம்பிக்கைக்கு நம் ஊரிலேயே ஒரு சோதனை வந்தது. மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை மற்றவற்றிலிருந்து பிரித்து ஒரு சுவர் நின்றது. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று சுவரின் இருபுறமும் அதே வெள்ளையடிப்பு, அதே சாமந்தி மாலை, அதே மெழுகுவர்த்தி, குருவானவரின் அதே மந்திரிப்பு. 2010இல் அந்தச் சுவரின் ஒரு பகுதியை இடித்தவர்கள் பெரியார் இயக்கத்தினர். மறுமையையே நம்பாதவர்கள் செய்ததை, உயிர்ப்பை நம்பும் நாம் செய்யாமல் இருந்தோம். இதைவிடப் பெரிய வெட்கம் நமக்கு வேண்டியதில்லை.

காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில், பாணர் குலத்தவர் என்று ஒதுக்கப்பட்ட திருப்பாணாழ்வாரை அர்ச்சகர் லோகசாரங்கர் தோளில் சுமந்து அரங்கன் சந்நிதிக்குள் கொண்டுசென்றதாக வைணவ மரபு போற்றுகிறது. அந்த மண்ணில் வாழ்ந்துகொண்டு, தோளில் சுமக்கும் சவப்பெட்டிக்குச் சாதி பார்ப்பது நமக்கு அடுக்காது.

'அந்தக் கல்லறைத் தோட்டம் தனியார் நிலம்' என்பார்கள். பட்டா யார் பெயரில் இருந்தாலும் அங்கே செபிப்பவர் திருச்சபையின் குரு. 'முன்னோர் பக்கத்தில் படுக்க ஆசைப்படுவது தவறா?' என்பார்கள். தவறில்லை, குடும்பக் கல்லறைகளை நாங்கள் எதிர்க்கவில்லை. சாதிக்கு எல்லைக்கோடு போடுவதைத்தான் எதிர்க்கிறோம்.

இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு நிற்கக் கூடாது.

எங்கள் நிலைப்பாடு இது: எந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்திலும் சாதியின் பெயரால் சுவரோ, வேலியோ, தனி வாசலோ, சவம் சுமக்கத் தனித் தூம்பாவோ இருக்கக் கூடாது. இருக்கும் இடத்தில் உயிர்ப்புப் பெருவிழாவின் அல்லேலூயாவை வாய் நிறையப் பாட நமக்கு உரிமையில்லை.

பங்குப் பேரவைகளும் சபைக் கமிட்டிகளும் அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முன்பே கூடி இதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். நம் குருக்களும் ஆயர்களும் கல்லறைத் தோட்டத்திலேயே நின்று அதை அறிவிக்க வேண்டுகிறோம்.