ஐந்தாவதாகிய தான்

ஓலைத்தொடுவாயிலே என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். வயது நாற்பத்தைந்து, மணஞ் செய்துகொள்ளவில்லை. கடற்றொழில் செய்த தந்தையார் பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலற்றுப் பாயிற் கிடப்பது இஃது ஆறாவது ஆண்டு. ஊட்டுவதும், உடம்பு துடைப்பதும், துணி மாற்றுவதும் அவள் கையே. படுக்கைப்புண் வாராதிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிவிடல் வேண்டும் என்பது வைத்தியர் கட்டளை. ஆகலின் அவளுக்கு இரவென்பது இரண்டிரண்டு மணித்தியாலத் துண்டுகளேயாம். அண்மையில் அவ்வழியாற் சென்றபோது அவ்வீட்டுக்குப் போய், முற்றத்தில் நின்றபடியே, "பிள்ளை, நீ பெரிய புண்ணியவதி" என்றேன். பெரியோர் வழக்கமாகச் சொல்லும் சொல்லே. அவளோ, "சேர், புண்ணியத்தை நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு ஒரு இரவு முழுக்க நித்திரை கிடைச்சாப் போதும்" என்றாள். சொல்லியபின் தானே வெட்கித் தேநீர் வைக்க உள்ளே போய்விட்டாள்.

அத்தேநீரைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. முப்பதாண்டு அறநூல் படிப்பித்தவன் யான். பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளை இடித்துரைக்க என்னிடம் எத்தனையோ மேற்கோள்கள் உண்டு. கைவிடாது நின்று மெலிகின்ற பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டத்தின் நிலையும் இதுவே. இலங்கையிலே 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது எனப் பிள்ளைகளுக்கு விதித்து, வாழ்க்கைச் செலவு கோரும் முதியோர் முறையிடுதற்கு ஒரு சபையையும் அமைத்தது. இந்தியாவிலும் 2007 இல் இவ்வகைச் சட்டம் பிறந்தது. முதியோரைக் கைவிட்டார்க்குச் சிறைத்தண்டமும் அதில் உண்டு. இவை வேண்டா என்று யான் சொல்லேன். ஆயினும் அச்சட்டங்கள் குறிவைத்தது கல்நெஞ்சரையே, கடமையைச் செய்து செய்து உள்ளம் வெடிக்கும் நிலையிலிருப்போரை நோக்கி, "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பது எவர் பொறுப்பு?

முற்காலத்தில் இப்பாரம் இருக்கவில்லையா என்று சிலர் வினவுவர். இருந்தது, ஆனால் இவ்வளவு நீளமாகவும் இவ்வளவு தனிமையாகவும் இருக்கவில்லை. 1946 ஆம் ஆண்டளவில் இந்நாட்டு மக்களின் சராசரி ஆயுள் 45 ஐயும் எட்டவில்லை. இன்று அது 70 ஐக் கடந்துவிட்டது. வைத்தியம் உயிரை நீட்டித்தது, நன்று. நீட்டிய ஆண்டுகளைத் தாங்கும் தோள்களோ குறைந்துபோயின. எங்கள் தீவிலே அக்குறைவுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1990 இலே போர் மீண்டும் மூண்டபோது மன்னார்க் கரையிற் படகேறி இராமேசுவரத்தை அடைந்து மண்டபம் முகாமிற் புகுந்தோர் பலர். அதே ஆண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சேர்ந்தனர். பின்பு ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர் தொகையும் சிறிதன்று. ஐந்து பிள்ளை பெற்ற வீட்டில் எஞ்சி நிற்பது ஒரு பிள்ளை. அப்பிள்ளை பெரும்பாலும் பெண். நூல்கள் மகன் கடமையை விரித்துப் பேசும். மலசலம் அள்ளும் கை மகளுடையதாகவோ மருமகளுடையதாகவோ இருக்கும்.

உடல் உழைப்பைப் பற்றி இம்மட்டில் விடுகிறேன். அதனினுங் கொடிது, வெளியிற் சொல்லமுடியாத சினமும், அச்சினத்தைத் தொடர்ந்து வரும் நாணமும். இதை யான் பிறர் வாய்க்கேட்டுச் சொல்லவில்லை. என் தாயார் தம் இறுதி இரண்டாண்டும் மறதிநோயில் இருந்தார். ஓரிரவு ஏழாவது முறையாக என்னை எழுப்பி, "தம்பி, நீர் ஆர்?" என்று கேட்டபோது, "சீ!" என்று சொல்லிக் கதவை அடைத்தேன். நான்காண்டு கழிந்தும் அக்கதவுச் சத்தம் என் செவியில் இருக்கின்றது. பின்னொருகால் என்னோடு படிப்பித்த அறபு ஆசிரியரிடம் இதனைச் சொல்லியழுதேன். அவர் திருக்குர்ஆனின் 17 ஆம் அத்தியாயத்தை எடுத்துக்காட்டினார். முதுமையடைந்த பெற்றோரை நோக்கிச் 'சீ' என்னும் சொல்லையும் சொல்லாதே என அங்கே விலக்கப்பட்டிருக்கிறதாம். யான் தலைகுனிந்தேன். அவரோ, "பண்டிதர், ஒருவருக்கும் வராத சொல்லை விலக்க வேண்டியதில்லையே" என்றார். பிள்ளையின் நாவிலே அச்சொல் வந்து நிற்கும் என்பதை அறிந்தே அவ்விலக்கு எழுந்தது என்று அவர் கொண்ட பொருள் எனக்கு மருந்தாயிற்று.

அதன்பின் எங்கள் நூலையும் வேறு கண்ணோடு படித்தேன். இல்வாழ்க்கை அதிகாரத்து முதற் குறளில் வள்ளுவர் சொன்ன மூவர் யாவர் என்பதில் உரையாளர் மாறுபடுவர். பரிமேலழகர் ஏனை மூன்று நிலையில் நிற்போர் என்றார். பிற்காலத்தார் சிலர் பெற்றோர், மனைவி, மக்கள் என்றனர். (வகுப்பிலே ஒரு பாடவேளை முழுவதும் இவ்வழக்கிற் கழிந்துவிடும்.) மூன்றாங் குறளிலோ ஐயமில்லை. ஆங்கே ஓம்பத்தக்கோர் ஐவர். இறந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்னும் நால்வரை எண்ணி, ஐந்தாவதாகத் தன்னையும் எண்ணினார். அறங்கள் அனைத்தையும் செய்வதற்குச் செய்வோன் இருந்தாகவேண்டும், ஆதலால் தன்னைக் காத்தலும் அறமே என்பது பரிமேலழகர் கருத்து. முப்பதாண்டாக யான் அந்த ஐந்தாவதை இலக்கணக் குறிப்போடு கடந்து போயிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கேனும், "நீ உறங்குதலும் அறமே" என்று அதன் பொருளை விரித்ததில்லை.

இனி, கடல்கடந்து வாழும் சகோதரர்க்கு ஒரு வார்த்தை. 1980 இல் அமெரிக்காவிலே ஸ்டீவன் ஸாரிட் என்னும் உளவியலாளரும் அவர் துணைவரும், மறதிநோயுற்ற முதியோரைப் பேணிய 29 பேரை ஆராய்ந்தனர். நோயின் கடுமைக்கேற்பப் பேணுவோரின் பாரமும் ஏறும் என்றுதானே நாம் நினைப்போம்? அவர்கள் கண்டது அதுவன்று. மற்றை உறவினர் அம்முதியோரை அடிக்கடி வந்து பார்த்த வீடுகளிலே பாரம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் நம் ஊருக்கு நன்கு பொருந்துகின்றது. என் மாணவியின் தமையன் மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். ஞாயிறுதோறும் தொலைபேசியில், "ஐயாவை நல்லாப் பார், சாப்பாடு நேரத்துக்குக் குடு" என்று கட்டளையும் அனுப்புகிறான். பணம் வேண்டியதே. கட்டளை வேண்டியதன்று. ஆண்டுக்கொரு திங்கள் வந்து, அந்தப் பாயருகே தான் கிடந்து, தங்கையை எங்கேனும் அனுப்பிவிடட்டும். வர இயலாதேல், இரவுக்கு ஓர் ஆள் வைக்கப் பணம் அனுப்பட்டும். கூலிக்கு ஆள் வைப்பது பெற்றோருக்கு இழுக்கு என்று ஊரார் முணுமுணுப்பர். முணுமுணுப்போர் வாரத்தில் ஒரு பிற்பகல் அங்கே போய் இருப்பாராயின் ஆள் வைக்கவேண்டிய தேவையே இராது.

இதனை எழுதுமுன் யான் செய்துபார்த்தேன். சென்ற சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே போய், "நீ போய்ப் படு, பிள்ளை, ஐயாவோடு நான் இருக்கிறேன்" என்றேன். நெடுநேரம் மறுத்தாள். பிறகு உள்ளறைக்குப் போனாள். கிழவனாருக்கு நாக் குழறும். ஆயினும் சோளகக் காற்றையும் தாம் இழந்த வலைகளையும் பற்றி எனக்கு நிறையச் சொன்னார். பாதி விளங்கிற்று. இரு தடவை அவரைப் புரட்டிவிட்டேன். பழக்கமின்மையால் அவருக்கும் நோவு, எனக்கும் நோவு. அவள் எழுந்து வந்தபோது விளக்கேற்றும் வேளையாகிவிட்டது. ஏன் எழுப்பவில்லை என்று என்னைக் கடிந்துகொண்டாள்.