கல்லுன்னு நினைச்சா காசநோய்! பித்தப்பை டிபி ஏன் ஆபரேஷனுக்குப் பிறகே தெரிகிறது?

வலது விலாவுக்குக் கீழே விட்டு விட்டு வலி. லேசான காய்ச்சல். சாப்பாடு இறங்கல, எடையும் குறையுது. ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல். "எடுத்துடலாம்" என்கிறார் மருத்துவர். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கும் வந்தாச்சு. அப்புறம்தான் பயாப்ஸி ரிப்போர்ட் வருகிறது: பித்தப்பையில் காசநோய்.

மிக அரிதான நோய்தான். ஆனால் உலக டிபி நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இருக்கும் இந்தியாவில், அரிது என்று ஒதுக்கிவிட முடியாது.

டிபி கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தம், நிணநீர் வழியாக முதுகெலும்பு, குடல், மூளை உறை வரை போகும். பித்தப்பைக்கு மட்டும் பித்தநீர் ஒரு காவல். அதிலுள்ள அமிலங்கள் கிருமியை வளர விடுவதில்லை என்று கருதப்படுகிறது. கல் வந்தால் அந்தக் காவல் பலவீனமாகிறது. கல் உள்சுவரை உரசிப் புண்ணாக்கும், சில நேரம் பித்தம் வரும் குழாயையே அடைக்கும். சிக்கலும் இங்கேதான். கல் இருப்பதால், வலிக்குக் காரணம் கல்தான்னு முடிவு பண்ணிடுறாங்க.

ஸ்கேனில் தெரியாதா?

சுவர் தடித்திருப்பது தெரியும், சிலருக்குக் கட்டி மாதிரியும் தெரியும். ஆனால் நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் இதே படம்தான் வரும். சிடி ஸ்கேனாலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. மார்பு எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கலாம்.

கங்கைச் சமவெளியில் குழப்பம் இன்னும் அதிகம். உலகில் பித்தப்பை புற்றுநோய் அதிகம் காணப்படும் பகுதிகளில் அதுவும் ஒன்று. தடித்த பித்தப்பையைப் பார்த்ததும் முதல் சந்தேகம் புற்றுநோய் மீதுதான் போகும். அப்படி நினைத்து ஆபரேஷன் செய்தால், கல்லீரலின் ஒரு பகுதியும் நிணநீர் முடிச்சுகளும் சேர்த்து எடுக்கப்படலாம். மாத்திரையில் குணமாகும் நோய்க்கு இவ்வளவு பெரிய ஆபரேஷன்! மருத்துவர்களைக் குறை சொல்லவும் முடியாது. புற்றுநோயைத் தவறவிடுவது அதைவிட ஆபத்து.

எடுத்த பித்தப்பை வழக்கமாக ஃபார்மலினில் போட்டுத்தான் லேபுக்குப் போகும். டிபியில் காணப்படும் கிரானுலோமா முடிச்சுகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்க அது போதும். ஆனால் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடுவதால் கல்ச்சர் டெஸ்ட் செய்ய முடியாது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று அறிவதும் சிரமமாகிறது. ஒரு துண்டை சலைனில் தனியாக அனுப்பினால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் சந்தேகமே வராத நோய்க்கு யார் தனியாக எடுத்து வைப்பார்?

ரிப்போர்ட் வாங்கினீங்களா?

பித்தப்பையை எடுத்தாச்சு, நோயும் போச்சு என்று விட்டுவிடக் கூடாது. கிருமி பெரும்பாலும் உடலின் வேறு இடத்திலிருந்துதான் அங்கே வந்திருக்கும். அதனால் வழக்கமாக 6 மாத மருந்து: முதல் 2 மாதம் 4 மருந்துகள், அடுத்த 4 மாதம் 3 மருந்துகள். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசின் நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

வலி நின்றதும் ரிப்போர்ட்டை மறந்துவிட்டால் இந்தச் சிகிச்சை தொடங்கவே தொடங்காது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே பயாப்ஸிக்கு அனுப்பினார்களா, ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பித்தப்பை எடுத்தவர்களுக்குக் காய்ச்சலோ எடைக் குறைவோ தொடர்ந்தால், பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.