முதல் பரிசு இல்லாத பக்கம்



அடுத்த இதழிலிருந்து நம் சிறுவர் ஓவியப் பக்கத்தில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு எதுவும் இருக்காது. படங்கள் வழக்கம்போல வரும். வரைந்த பிள்ளையின் பெயரும் ஊரும் வரும். யார் முந்தி, யார் பிந்தி என்ற வரிசை மட்டும் வராது. ஏன் இப்படி என்று கேட்பீர்கள். பதில் சொல்ல, ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். அவர் அமெரிக்க உளவியலாளர் தெரசா அமாபிலே.

முதலில் வேதியியல் படித்தவர் அவர். பிறகு உளவியலுக்கு வந்து 1977-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். படைப்பாற்றலை ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் அன்று கேட்டுக்கொண்டிருந்தது, ‘படைப்பாளி என்பவர் எப்படிப்பட்ட ஆள்?’ என்ற கேள்வியைத்தான். அமாபிலே அதைத் திருப்பிப் போட்டார். அதே ஆள் எந்தச் சூழலில் நன்றாகப் படைக்கிறார், எந்தச் சூழலில் முடங்கிப்போகிறார்?

இந்தக் கேள்விக்கு அவர் வாழ்க்கையிலேயே ஒரு வேர் உண்டு. பாலர் வகுப்பு ஆசிரியை, ‘இந்தப் பெண்ணுக்கு ஓவியத்தில் நல்ல கற்பனை இருக்கிறது’ என்று அம்மாவிடம் சொன்னது சிறுமி தெரசாவின் காதில் விழுந்தது. அடுத்து சேர்ந்த பள்ளியில் புகழ்பெற்ற ஓவியங்களின் அச்சுப் படிகளைக் கொடுத்து, பார்த்து அப்படியே வரையச் சொன்னார்கள், மதிப்பெண்ணும் போட்டார்கள். ஓவிய ஆசை அதோடு வாடிவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அவர் ஸ்டான்ஃபோர்டில் படித்த காலத்தில் மார்க் லெப்பர் என்ற பேராசிரியர் அங்கே இருந்தார். லெப்பரும் சக ஆய்வாளர்களும் 1973-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் பிரியமுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம், ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்னதாகவே சொல்லி, நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழைக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, அந்தப் பிள்ளைகள் தாமாக வரைய உட்காரும் நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. சான்றிதழே பெறாதவர்களும், எதிர்பாராமல் பெற்றவர்களும் பழையபடியே ஆசையாக வரைந்துகொண்டிருந்தார்கள்.

லெப்பர் அளந்தது ஆர்வத்தை. ஆர்வம் குறைந்தால் படைப்பின் தரமும் குறையுமா என்று பார்க்க நினைத்தார் அமாபிலே. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 7 முதல் 11 வயது வரையுள்ள சிறுமிகளை ஓவிய விருந்துக்கு அழைத்தார். வண்ணக் காகிதத் துண்டுகள், பசை, ஓர் அட்டை. விருப்பம்போல ஒட்டிப் படம் செய்ய வேண்டும். ஒரு குழுவிடம், சிறந்த படங்களுக்குப் பரிசு என்றார்கள். இன்னொரு குழுவிடம், அதே பரிசுகளைக் குலுக்கல் முறையில் தருவோம் என்றார்கள். பரிசு இரண்டு பக்கமும் ஒன்றுதான். போட்டி ஒரு பக்கம் மட்டும். எந்தப் படம் எந்தக் குழுவுடையது என்று தெரியாத ஓவியர்கள் மதிப்பிட்டபோது, போட்டியில்லாமல் ஒட்டிய பிள்ளைகளின் படங்களே கற்பனையில் மேலோங்கி நின்றன. 1982-இல் இந்த ஆய்வு வெளியானது.

படைப்பாற்றலை எப்படி அளப்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது. அமாபிலே கண்ட வழி எளிமையானது. துறை தெரிந்த பலரைத் தனித்தனியே உட்காரவைத்து, எந்த இலக்கணமும் கொடுக்காமல், அவரவர் மனதுக்குப் பட்டபடி மதிப்பிடச் சொன்னார். அவர்களுடைய தீர்ப்புகள் பெருமளவு ஒத்துப்போனால் அதுவே அளவுகோல். இன்றும் பல நாட்டு ஆய்வாளர்கள் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

1985-இல் வெளியான இன்னொரு ஆய்வு எழுதுகிறவர்களைப் பற்றியது என்பதால் எனக்கு மிக நெருக்கமானது. எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேர் முதலில் பனியைப் பற்றி ஐந்து வரிக் கவிதை ஒன்று எழுதினார்கள். பிறகு ஒரு குழுவுக்கு, எழுதுவதற்கான காரணங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். எழுதுவதன் இன்பம், மனதில் உள்ளதைச் சொல்லும் நிறைவு போன்றவை அதில் இருந்தன. இன்னொரு குழுவின் பட்டியலில் பணம், பெயர், ஆசிரியர்களின் பாராட்டு போன்ற காரணங்கள். மூன்றாவது குழு பட்டியல் எதையும் பார்க்கவில்லை. அடுத்து எல்லோரும் சிரிப்பைப் பற்றி இன்னொரு கவிதை எழுதினார்கள். பணமும் பெயரும் உள்ள பட்டியலைப் பார்த்தவர்களின் கவிதைகள் மற்றவர்களுடையதைவிடத் தரம் தாழ்ந்திருந்தன. யாரும் அவர்களுக்குப் பணம் தரவில்லை, மிரட்டவில்லை. சில நிமிடம் அந்தப் பக்கம் நினைக்கவைத்தார்கள், அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது? அமாபிலே ஒரு புதிர்ப்பாதையைச் சொல்லி விளக்குகிறார். வெளியே போனால் பரிசு என்று ஓடுகிறவர், கண்ணில் படும் முதல் வழியில் நேராக ஓடிவிடுகிறார். நடப்பதையே ரசிக்கிறவர் முட்டுச்சந்துகளையும் எட்டிப்பார்க்கிறார். புதிய வழி அங்கேதான் கிடைக்கிறது.

இதைப் படித்துவிட்டு, பரிசே பாவம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அமாபிலேயும் அப்படிச் சொல்லவில்லை. தொழில்முறை ஓவியர்களிடம் செய்த ஆய்வில், பிறர் கேட்டு வரைந்த படங்கள் தாமாக வரைந்தவற்றைவிடக் கற்பனையில் குறைவாக மதிப்பிடப்பட்டன, கைத்திறனில் குறைவில்லை. ஆனாலும் கேட்டவர் கையைக் கட்டாமல், வசதி செய்துகொடுத்து விட்டுவிட்ட இடங்களில் நல்ல படங்களும் பிறந்தன. கட்டுப்படுத்தும் பரிசு வேறு, ஊக்கம் தரும் பரிசு வேறு என்று பிற்காலத்தில் தம் கருத்தை அவரே திருத்திக்கொண்டார். தரவு சொன்னதும் தம் கோட்பாட்டை மாற்றிக்கொண்ட அந்த மனம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெற்றோருக்கு ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. பெத் ஹென்னஸி என்ற ஆய்வாளரும் அமாபிலேயும் சேர்ந்து, பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். மதிப்பெண்ணும் பரிசும் நல்லதுதான், ஆனால் கற்பதில் கிடைக்கும் சந்தோஷமே முக்கியம் என்று அதில் சிறுவர்கள் பேசினார்கள். அதைப் பார்த்த பிள்ளைகளைப் பரிசு கெடுக்கவில்லை. வீட்டில் நாம் பேசும் பேச்சுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது.

1995-இல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலுக்குப் போன அமாபிலே, அங்கே பெரியவர்களின் அலுவலக வாழ்க்கையை ஆராய்ந்தார். 7 நிறுவனங்களில் 238 பேர் அன்றன்று எழுதி அனுப்பிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை அவருடைய குழு படித்தது. மனம் மிக நன்றாக இருந்த நாட்களில் 76 சதவீதத்தில், வேலையில் சிறிதாவது முன்னேற்றம் நடந்திருந்தது. ஊழியர்களுக்கு எது உற்சாகம் தரும் என்று மேலாளர்கள் 669 பேரிடம் கேட்டபோது, ஐந்து காரணங்களில் முன்னேற்றத்தைத்தான் கடைசியில் வைத்தார்கள். கணவர் ஸ்டீவன் கிரேமருடன் சேர்ந்து 2011-இல் இதைப் புத்தகமாக்கினார். அண்மையில் பணி ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றியும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பாலர் வகுப்பிலிருந்து பணி ஓய்வுவரை, ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்த ஆயுள் இது.

இவற்றையெல்லாம் படித்த பிறகுதான் ஓவியப் பக்கத்தை மாற்றினோம். இனி படத்தோடு, அதில் எந்த இடத்தை வரையும்போது குஷியாக இருந்தது என்று பிள்ளையே சொந்தக் கையெழுத்தில் ஓரிரு வரி எழுதி அனுப்பட்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாதீர்கள். படத்தில் நீங்கள் கைவைக்கவும் வேண்டாம். தேர்வாகும் படங்களோடு அந்த வரிகளையும் அப்படியே அச்சிடுவோம். இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கும் அவரவர் படத்தைப் பற்றி எங்கள் ஓவியர் ஒரு கடிதம் எழுதுவார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது, ‘பிரமாதம், உனக்குத்தான் பரிசு’ என்று முடித்துவிடாமல், ‘இதை எப்படி வரைஞ்சே, சொல்லேன்’ என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்