தொண்ணூறு நாள் போதுமா?

நியூயார்க்கில் கடையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கு, இழப்பீட்டு வழக்குத் தொடர 3 ஆண்டு அவகாசம் உண்டு. அவரே மாநகராட்சிக் கட்டடத்தின் படியில் விழுந்தால், 90 நாளுக்குள் மாநகராட்சிக்கு எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். விபத்து நடந்து ஓராண்டு 90 நாளுக்குள் வழக்கும் தொடுக்க வேண்டும்.

முறிந்த எலும்பு ஒன்றுதான். தரை யாருடையது என்பதுதான் வேறு.

காலவரம்பு தேவைதான். சாட்சிகளின் நினைவு மங்கும், கேமராப் பதிவுகள் அழியும், உடைந்த படி செப்பனிடப்படும். ஆனால் இந்த வாதங்கள் தனியார் கடைக்கும் பொருந்துமே! அரசுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சலுகை?

கலிஃபோர்னியாவிலும் இதே பாகுபாடுதான்: தனியார்மீது வழக்குத் தொடர 2 ஆண்டு, அரசு அமைப்பிடம் கோரிக்கை வைக்க 6 மாதம்.

அறுவைச் சிகிச்சை, படுக்கை, பிசியோதெரபி என்றே இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுக்கு மூன்று மாதம் ஓடிவிடும். தாமதமான அறிவிப்பை ஏற்க நியூயார்க் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது நீதிபதியின் முடிவைப் பொறுத்தது. காயம்பட்டவரின் உரிமை அல்ல. 90 நாளை 180 நாளாகவேனும் சட்டமன்றம் நீட்டிக்க வேண்டும். விழுந்து காயப்பட்டு வருவோரிடம் இந்தக் கெடுவை எழுத்தில் தருவதை மருத்துவமனைகளுக்குக் கடமையாக்கவும் வேண்டும்.