தகர டப்பாவும் குளிர்பானப் புட்டியும்

கோலார் தங்கவயலிலிருந்து விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்குப் படிக்கவும் பணிபுரியவும் செல்வோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் காலை உணவைக் கைவிட்டு, ஒரு புட்டிக் குளிர்பானத்தால் பசியை ஏமாற்றும் மாணவரும் உண்டு. வயிறு நிறைந்துவிட்டது என்பர். எதனால் நிறைந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

சர்க்கரை சேர்த்த கோலா பானத்தில் 100 மில்லி லிட்டருக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி லிட்டர் புட்டியில் ஏறத்தாழ 26 கிராம், 105 கலோரி. புரதம் இல்லை, நார்ச்சத்தும் இல்லை. சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் அடங்கினால் நலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழங்கிய அறிவுரை. ஒரே புட்டியில் ஒரு நாள் பங்கு தீர்ந்துவிடுகிறதன்றோ!

இனி, பெரிய கடைகளில் விற்கும் டப்பா பீன்ஸைப் பார்ப்போம். தக்காளிச் சாற்றில் வேகவைத்து அடைத்தது அது. டப்பாவில் வருவதெல்லாம் சத்தற்றது என்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர். சூடேற்றி அடைக்கும்போது வைட்டமின்கள் சில குறைவது உண்மையே. ஆயினும் புரதமும் நாரும் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. 200 கிராமில் சுமார் 10 கிராம் புரதம், 8 கிராம் நார், 160 கலோரி கிடைக்கும். 10 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் 1 கிராமுக்கு மேல் உப்பும் இருப்பது அதன் குறை. எனினும் டப்பா குறையுள்ள உணவு. புட்டியோ உணவே அன்று.

"டப்பாவின் விலை புட்டியைப் போலப் பல மடங்காயிற்றே!" என்று நண்பர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை நம் வீட்டு அடுப்பிலேயே இருக்கிறது. 100 கிராம் உலர்ந்த காராமணியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. கொள்ளும் அதற்கு இளைத்ததன்று. மார்கழி, தை மாதங்களில் அவரைக்காய் வந்து குவியும் வட்டாரம் நம்முடையது. கேழ்வரகுக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் எந்தத் தகர டப்பாவுக்கும் தோற்பவை அல்ல.

வெயிலிலும் அலைச்சலிலும் களைத்தவனுக்குக் குளிர்பானம் தெம்பு தருகிறதே என்பாரும் உளர். 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைக் கடந்தது. அங்கே உழைத்த நம் பாட்டன்மார் வியர்வையில் இழந்தவை நீரும் உப்பும். அவற்றை ஈடுசெய்யத் தண்ணீரும் உப்பிட்ட மோரும் போதும். சர்க்கரைப் பாகு வேண்டியதில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நம் குடும்பங்கள் பல, படிப்பையே முதலாக நம்பிப் பிள்ளைகளை அனுப்புகின்றன. அந்தப் பிள்ளைகள் வெறும் சர்க்கரை நீரோடு வகுப்பில் அமர்வது எவ்வளவு பெரிய இழப்பு!

எனவே நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். இனி நம் கூட்டங்களிலும் பொங்கல் விழாவிலும் குளிர்பானப் புட்டிகளை நிறுத்துவோம். அந்தச் செலவில் ஆளுக்கொரு தொன்னை காராமணிச் சுண்டலும் குடிக்க நல்ல தண்ணீரும் வழங்குவோம். தமிழன் உடல் தளர்ந்தால் தமிழ் முழக்கம் மட்டும் எப்படி ஓங்கும்?