ஊரைவிட்டுப் போகாமலே ஜெயிக்க முடியுமா? ஒரு ஜாஸ் டிரம்பெட் கலைஞரின் கணக்கு

திறமை இருந்தா ஊரைவிட்டுக் கிளம்பிடணும். இசை, சினிமா, ஐடி என எந்தத் துறையாக இருந்தாலும் நாம் கேட்டு வளர்ந்த அறிவுரை இதுதான். ஜாஸ் இசையின் வரலாற்றை மேலோட்டமாகப் பார்த்தால், அதுவும் இதையேதான் சொல்வதுபோல இருக்கும்.

ஜாஸ் பிறந்த ஊர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். அந்த ஊரின் மிகப் பெரிய டிரம்பெட் கலைஞரான லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், 1922-ல் தன் குரு கிங் ஆலிவர் கூப்பிட்டதும் சிகாகோவுக்கு ரயிலேறினார். உலகப் புகழ் வந்தது அதற்குப் பிறகுதான். 1979-ல் அதே ஊரிலிருந்து கிளம்பிய விண்டன் மார்சாலிஸ், நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1997-ல் ஒரு ஜாஸ் படைப்புக்காக புலிட்சர் பரிசும் வாங்கினார்.

அப்போ, ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் எல்லாம் முன்னுக்கு வராதவர்களா? நிச்சயமாக இல்லை. ஊரிலேயே இருந்து ஒரு கலைஞர் கௌரவமாகப் பிழைக்க முடியும். ஆனால் அதற்கு அவருடைய திறமை மட்டும் போதாது, ஊரும் தன் பங்கைச் செய்யணும். கெர்மிட் ரஃபின்ஸ் கதை அதைத்தான் காட்டுகிறது.

யார் இந்த கெர்மிட்?

1964-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். பள்ளியில்தான் டிரம்பெட் கற்றுக்கொண்டார். அந்த ஊரில் பள்ளி பேண்டு என்பது சுதந்திர தினத்துக்கு மட்டும் வாசிக்கும் குழு இல்லை. மார்டி கிரா திருவிழா ஊர்வலங்களில் பல மைல் தூரம் நடந்துகொண்டே வாசிக்கும் பெரிய படை அது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளையின் கைக்கும் அங்கே ஒரு வாத்தியம் வந்துவிடும்.

டிரெமே என்பது அங்குள்ள மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்பு. அங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, டியூபா வாசிக்கும் ஃபிலிப் ஃபிரேசியர், டிரம்ஸ் வாசிக்கும் அவருடைய தம்பி கீத் ஆகியோருடன் சேர்ந்து 1983-ல் 'ரீபர்த் பிராஸ் பேண்ட்' குழுவைத் தொடங்கினார். முதல் மேடை தெருதான். சுற்றுலாப் பயணிகள் குவியும் ஃபிரெஞ்சு குவார்ட்டர் பகுதியில் நின்று வாசிப்பார்கள், பெட்டியில் விழுகிற சில்லறைதான் சம்பளம்.

அடுத்த மேடை 'செகண்ட் லைன்' ஊர்வலம். முன்னால் பேண்டு போகும், பின்னாலேயே ஊர் ஜனம் ஆடிக்கொண்டு வரும். அந்தப் பின்வரிசைதான் செகண்ட் லைன். இறுதி ஊர்வலத்துக்கும் இது உண்டு. சாவு வீட்டில் பறை அடித்து ஆடி அனுப்பிவைக்கும் நமக்கு இது ஒன்றும் விநோதமாகத் தெரியாது. இந்த ஊர்வலங்களை நடத்துவது பெரும்பாலும் அந்தந்தப் பகுதி மக்களின் சங்கங்கள். ஒருகாலத்தில் உறுப்பினர்களின் மருத்துவத்துக்கும் அடக்கச் செலவுக்கும் பணம் திரட்டிய சங்கங்கள் அவை. வெயில்காலம் தவிர்த்து பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு சங்கத்தின் ஊர்வலம் இருக்கும். அவர்களே காசு சேர்த்து பேண்டுக்குக் கொடுப்பார்கள்.

வாரத்தில் ஒரு நாள்

1992-ல் கெர்மிட் தனியாகப் பாடவும் வாசிக்கவும் கிளம்பினார். அடுத்த ஸ்டெப் நியூயார்க் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் போன இடம், பைவாட்டர் பகுதியில் ஒரு தெருமுனையில் இருக்கும் 'வான்ஸ் லவுஞ்ச்' என்ற சின்ன பார். ஒவ்வொரு வியாழக்கிழமை இரவும் அங்கே வாசித்தார். ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை. சுமார் 20 வருஷம்!

பார்பிக்யூ சமையலில் அவருக்குக் கொள்ளை ஆசை. குழுவுக்கே 'பார்பிக்யூ ஸ்விங்கர்ஸ்' என்றுதான் பெயர். அடுப்போடு வண்டியில் வந்து இறங்குவார், வாசலில் இறைச்சி வேகும், உள்ளே டிரம்பெட் முழங்கும். ஊர்க்காரர்களுக்கு வியாழன் என்றாலே கெர்மிட் என்று ஆனது.

இந்த வாராந்தர நிகழ்ச்சியில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு கலைஞருக்கு இதில் மூணு லாபம். ஒன்று, இந்த வாரம் இவ்வளவு வரும் என்ற ஓரளவு உறுதியான வருமானம். அதை நம்பித்தான் குழுவில் மற்ற நாலு பேரும் நிலைத்து நிற்பார்கள். இரண்டு, ஆடியன்ஸ் முன்னாலேயே பயிற்சி. புதுப் பாட்டை இந்த வாரம் முயற்சி செய்து, சரியா வரலைன்னா அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். மூணு, அடுத்த தலைமுறை. எங்கே, எப்போது வாசிப்பார் என்று ஊருக்கே தெரிந்தால், கற்றுக்கொள்ள நினைக்கும் இளைஞனும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான்.

கெர்மிட் விலகிய பிறகு ரீபர்த் குழுவும் இதே வழியில்தான் போனது. மேப்பிள் லீஃப் என்ற பாரில் செவ்வாய்க்கிழமைதோறும் வாசித்த அந்தக் குழு, 2012-ல் கிராமி விருதே வாங்கியது.

நியூ ஆர்லியன்ஸைப் பற்றி 2010-ல் எச்பிஓ தொடங்கிய 'டிரெமே' தொடரில் கெர்மிட் தானாகவே நடித்தார். முதல் எபிசோடில், அவர் வாசிக்கும் பாருக்குப் பிரபல பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ வந்திருப்பார். 'போய்ப் பேசு, உன் வாழ்க்கையே மாறும்' என்கிற ரீதியில் நண்பர் நச்சரிப்பார். கெர்மிட் அலட்டிக்கொள்ளவே மாட்டார். திரைக்கதைதான். ஆனாலும் கேள்வி நிஜமானது: போதும் என்று ஒரு கலைஞர் தீர்மானித்தால், அதை நாம் ஏன் சோம்பேறித்தனமாகப் பார்க்கிறோம்?

நாணயத்தின் மறுபக்கம்

இதை வைத்து நியூ ஆர்லியன்ஸ் கலைஞர்களின் சொர்க்கம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த ஊரின் விமான நிலையத்துக்கு 2001-ல் ஆம்ஸ்ட்ராங் பெயரை வைத்தார்கள். அதே ஊரில் 2010 ஜூனில், போர்பன் தெரு முனையில் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்களின் பிராஸ் பேண்டை, இரவு 8 மணிக்கு மேல் தெருவில் வாசிக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி போலீஸ் நிறுத்தச் சொன்னது. சுற்றுலா விளம்பரத்துக்கு டிரம்பெட் வேணும், தெருவில் நிற்கும் டிரம்பெட்காரர் வேண்டாம். இதென்ன நியாயம்?

நிரந்தரச் சம்பளமோ மருத்துவக் காப்பீடோ இல்லாத கலைஞர்களுக்காகவே 1998-ல் அங்கே ஒரு கிளினிக் தொடங்க வேண்டியிருந்தது. 2005 கத்ரீனா புயல் ஊரையே மூழ்கடித்தபோது பல கலைஞர்கள் வேறு நகரங்களுக்குச் சிதறினார்கள். கெர்மிட்டும் ஹூஸ்டனுக்குப் போய்த்தான் திரும்பினார். பிறகு வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கான குறுகியகால வாடகை விடுதிகளாக மாறத் தொடங்கின. பேண்டு பிறந்த தெருவிலேயே பேண்டுக்காரர் குடியிருக்க முடியாத நிலை வந்தால், அப்புறம் அங்கே யார் வாசிப்பது? 2019-ல் நகர நிர்வாகம் குடியிருப்புப் பகுதிகளில் அதற்குக் கடிவாளம் போட்டது.

கெர்மிட் தனக்கென ஒரு வழி கண்டுபிடித்தார். 1961-ல் மாமியாரைப் பற்றிய பாட்டால் அமெரிக்காவையே கலக்கிய எர்னி கே-டோ என்ற பாடகர் நடத்திய பார், டிரெமே பகுதியில் மூடிக் கிடந்தது. அதன் பெயரே 'மதர்-இன்-லா லவுஞ்ச்'. 2014-ல் கெர்மிட் அதைத் தன் பொறுப்பில் மீண்டும் திறந்தார். அது இருக்கும் கிளைபோர்ன் அவென்யூவில் ஒருகாலத்தில் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. 1960-களில் அவற்றை வெட்டிவிட்டு மேம்பால நெடுஞ்சாலை கட்டினார்கள். அந்தப் பாலத்தின் ஓரத்தில்தான், அடுத்தவர் மேடையை நம்பியிருந்த கலைஞர் தானே ஒரு மேடைக்குச் சொந்தக்காரர் ஆனார்.

எல்லாராலும் கெர்மிட் ஆக முடியுமா?

முடியாது. கூட்டத்தைக் கட்டிப்போடும் அவருடைய குணமும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் எல்லாருக்கும் வாய்க்காது. அதனால்தான் இதை ஒரு தனிமனிதரின் வெற்றிக் கதையாக மட்டும் படிக்கக் கூடாது. கையில் வாத்தியம் கொடுத்த பள்ளி, காசு சேர்த்துக் கூப்பிட்ட சங்கம், வாராவாரம் இடம் கொடுத்த சின்ன பார், வாராவாரம் வந்து நின்ற ஊர்க்காரர்கள். இந்த நாலில் ஒன்று குறைந்திருந்தாலும் அவரும் சிகாகோவுக்கோ நியூயார்க்குக்கோ டிக்கெட் எடுத்திருப்பார், அல்லது டிரம்பெட்டை மூட்டை கட்டியிருப்பார்.

ஸ்பாட்டிஃபையில் பாட்டு ஏற்றலாம், ரீல்ஸில் வைரல் ஆகலாம். அது நல்லதுதான். ஆனால் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவரின் மாத வாடகையை ஒரு வைரல் வீடியோ கட்டுவது அபூர்வம். வாரம் ஒருமுறை கிடைக்கும் சுமாரான, ஆனால் நிச்சயமான சம்பளம்தான் கட்டும்.

சம்பளம் கைக்கு வந்துவிட்ட நம் தலைமுறை இதில் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. வார இறுதியில் கஃபேயில் ஒரு பேண்டு வாசித்தால் நுழைவுக் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம். ஆபீஸ் விழாவுக்கு ஒரு குழுவைக் கூப்பிடும்போது, 'உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்' என்று சொல்வதை விட்டுவிட்டு, 'எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?' என்று கேட்கலாம். பிடித்திருந்தால் அடுத்த வாரமும் போகலாம்.